தோள் சின்னத்தின் யோக்கியதை

பட்டாளத்துச் சிப்பாயின் தோளில் தைத்த துணிச் சின்னம் வீரத்தின் அடையாளம் என்கிறார்கள். அமெரிக்காவின் 93-வது டிவிஷன் சின்னத்தைப் பாருங்கள். அதிலிருப்பது பிரஞ்சுக்காரனின் நீல நிற இரும்புத் தொப்பி! அமெரிக்கப் படைக்குப் பிரஞ்சுத் தொப்பி ஏன்? அப்படையிலிருந்தவர்கள் கறுப்பு மக்கள். அவர்களை வெள்ளைச் சிப்பாய்களுக்குச் சமமாக நிறுத்த மனமில்லாமல், 1918-ல் அதன் 4 ரெஜிமெண்டுகளையும் பிரஞ்சுச் சேனையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிரஞ்சுக்காரர் தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். 369-வது ரெஜிமெண்டுக்குப் போர் விருதும் கொடுத்தார்கள். சாவதற்கு யோக்கியதை உண்டு, சமமாய் நிற்க மட்டும் இல்லையென்றால் இதென்ன நியாயம் என்று கேட்கின்றோம். படையில் நிறபேதம் கூடாதென்று ட்ரூமன் உத்தரவு போட்டதோ 30 வருஷம் கழித்து, 1948-ல்தான்! ஆகவே தோழர்களே, எந்தச் சின்னத்துக்கும் சலாம் போடுமுன் அது எப்படி வந்தது என்று விசாரியுங்கள்.