வாணிபக் கட்டுரையும் மூல ஆதாரமும்

வாணிபவியலும் நிர்வாகவியலும் பயிலும் பல்கலைக் கழக மாணவர்க்கு ஒவ்வொரு பருவத்திலும் கட்டுரைப் பணிகள் அளிக்கப்படுகின்றன. தக்க ஆதாரங்களுடன் எழுதுக என்பது அவற்றில் தவறாது காணப்படும் கட்டளை. ஆயின், தக்க ஆதாரம் யாது, அதனை எங்கே எவ்வாறு தேடுவது என்பன வகுப்பில் போதிக்கப்படுவது அரிது. கைக்கெட்டிய குறிப்பொன்றிலிருந்து ஒரு பெயரும் ஓர் ஆண்டும் எடுக்கப்பட்டுக் கட்டுரையின் இறுதியில் சேர்க்கப்படுகின்றன. மாணவர் கண்ணால் காணாத நூலுக்கு அவரே சாட்சியாகி விடுகிறார்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. அமெரிக்க உளவியல் அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ, மனிதத் தேவைகள் பற்றிய தமது கொள்கையை 1943-ஆம் ஆண்டில் ஓர் உளவியல் சஞ்சிகையில் வெளியிட்டார். நிர்வாகவியல் பாடநூல்கள் அக்கொள்கையை ஐந்து படிகள் கொண்ட பிரமிடாக வரைந்து காட்டுகின்றன. மாணவரும் அப்படத்தை வரைந்து, மாஸ்லோ, 1943 என்று கீழே எழுதுகின்றனர். மூலக் கட்டுரையிலோ பிரமிடு ஏதும் இல்லை. ஒரு தேவை முழுவதும் நிறைவேறிய பின்னரே அடுத்தது தோன்றும் என்னும் எண்ணம் தவறானதென்றும் அதிலேயே கூறப்பட்டுள்ளது. 2019-ஆம் ஆண்டில் இவ்வரலாற்றை ஆராய்ந்த மூவர், 1960-ல் ஆலோசகர் ஒருவர் வாணிபச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் அப்படம் இடம் பெற்றிருந்ததை எடுத்துக் காட்டினர். மூலத்தைப் புரட்டிப் பார்த்திருந்தால் எந்த மாணவரும் இப்பிழையைக் கண்டிருக்கக் கூடும்.

புள்ளி விவரங்களிலும் இதே நிலைதான். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தித் துறையில் இயந்திரங்களில் 25 லட்ச ரூபாய்க்கு மேற்படாத முதலீடு கொண்டது குறுந்தொழில் எனப்பட்டது. 2020 ஜூலை முதல் முதலீட்டு வரம்பு 1 கோடியாகவும், ஆண்டு விற்பனை வரம்பு 5 கோடியாகவும் வகுக்கப்பட்டன. 2025 ஏப்ரல் முதல் இவை முறையே இரண்டரைக் கோடியும் 10 கோடியும் ஆயின. எனவே, குறுந்தொழில்களின் எண்ணிக்கையை ஆண்டும் வரையறையும் இன்றி எடுத்தாளும் கட்டுரை, அளவுகோல் மாறியதை அறியாமல் வளர்ச்சியை அளக்க முற்படுகிறது. வீடு வீடாகவும் தொழிற்சாலை தோறும் சென்று விவரம் திரட்டும் களப் பணியாளரின் உழைப்பு, இத்தகைய கவனக் குறைவால் வீணாகிறது.

ஆதாரங்களுக்குப் பஞ்சம் என்று இன்று கூறுவதற்கில்லை. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நிலையம் நடத்தும் சோத்கங்கா என்னும் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக் கழகங்களின் ஆராய்ச்சி ஏடுகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். ரிசர்வ் வங்கி வெளியிடும் புள்ளி விவரக் கையேடும், பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்குரியன. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவில், ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிலையங்களுக்குக் கிடைக்கச் செய்யும் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்திற்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

குறைவாயிருப்பது, தேர்ந்தெடுக்கும் பயிற்சியே. கட்டணம் பெற்றுக் கொண்டு எதனையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகள் மலிந்துள்ளன. தரமான சஞ்சிகைகளுக்கென வைத்திருந்த பட்டியலைப் பல்கலைக் கழக மானியக் குழு 2025-ல் கைவிட்டமையால், தரம் காணும் பொறுப்பு கல்வி நிலையங்களையே சார்ந்து விட்டது. கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணிப்பொறிக் கருவிகளோ, எவரும் எழுதியிராத கட்டுரைகளின் பெயர்களையும் உண்மை போலத் தந்து விடுவதுண்டு.

ஆதலின், மாணவரைக் கடிந்து பயனில்லை. கேள்வி அமைக்கும் முறையே மாற வேண்டும். இருபது ஆதாரங்கள் கேட்கும் ஆசிரியர் இருபது பெயர்களையே பெறுவார். மூன்று கேட்டு, ஒவ்வொன்றிலும் மாணவர் படித்த பக்கம் எது, அப்பக்கம் கட்டுரையின் எக்கூற்றைத் தாங்குகிறது என்று இரண்டு வரிகள் எழுதச் செய்யலாம். எடுத்தாளும் எண்ணுக்கு ஆண்டும் வரையறையும் கட்டாயமாக்கலாம். தேடிய வழிக்கும் மதிப்பெண் அளிக்கலாம். பருவத் தொடக்கத்தில் ஒரு வகுப்பை நூலகரிடம் ஒப்படைப்பதும் நன்று. 1924-ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் வாசகரின் காலத்தைக் காப்பதையும் ஒன்றாக வைத்தார். காலம் மிஞ்சினால்தான் மாணவர் மூலத்தைப் படிப்பார்.

இன்றைய மாணவர் நாளை வங்கியிலும் தொழிற்சாலையிலும் அரசு அலுவலகத்திலும் அறிக்கை எழுதப் போகிறவர். அவ்வறிக்கையை நம்பிக் கடனும் வேலையும் தீர்மானிக்கப்படும். கல்லூரியில் சரி பாராது விட்ட பழக்கத்தின் விலையை, அன்று பிறர் செலுத்த நேரிடும்.