'கார்வ் அப்': கத்தி யார் கையில்?

ஆங்கிலத்தில் பிரிப்பதற்குச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. டிவைட், ஷேர், ஸ்ப்ளிட் அப்... அந்த வரிசையில் 'கார்வ் அப்' என்று ஒன்று உண்டு. பொருள் கேட்டால் பலரும் 'பிரிப்பது' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதிப் பொருள்தான்!

'கார்வ்' என்றால் கத்தியால் வெட்டுவது, செதுக்குவது. சமைத்த இறைச்சியைச் சாப்பாட்டு மேசையில் துண்டு போடுவதற்கும் அதே சொல். வெட்டுகிறவர் இருக்கிறார், சாப்பிடுகிறவர் இருக்கிறார். வெட்டப்படுவதை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. 'கார்வ் அப்'பிலும் இந்த வாசனை அப்படியே இருக்கிறது.

நல்ல உதாரணம் ஆப்பிரிக்கா. 1884 நவம்பரில் பிஸ்மார்க் கூட்டிய பெர்லின் மாநாடு 1885 பிப்ரவரி வரை நடந்தது. கலந்துகொண்ட நாடுகள் 14. ஆப்பிரிக்கப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. எல்லாக் கோடுகளும் அங்கேயே போடப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு நிலப்பகுதியை எப்படிச் சொந்தம் கொண்டாடுவது என்ற விதிகள் அங்கே பேசப்பட்டன. 1914-க்குள் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் நீங்கலாக ஏறக்குறைய கண்டம் முழுவதும் ஐரோப்பியர் கையில். இதை 'டிவைட்' என்று எழுதினால் ஏதோ எல்லோரும் ஒப்புக்கொண்டு நடந்தது போலாகிவிடும். 'கார்வ் அப்' என்றால்தான் நடந்தது புரியும்.

வணிகத்திலும் இதே கதைதான். போட்டி நிறுவனங்கள் இரண்டு ரகசியமாகப் பேசி, "வடக்கு உனக்கு, தெற்கு எனக்கு" என்று சந்தையை வெட்டிக்கொள்கின்றன. மேசையில் இல்லாதவர் வாடிக்கையாளர். விலை ஏறுவது அவருக்குத்தான். நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், பிரிவு 3(3), இத்தகைய ஒப்பந்தம் போட்டியைப் பாதிப்பதாகவே அனுமானிக்கிறது. ஆனால் அங்கே வரும் சொல் 'ஷேர்' என்ற சாதுவான சொல்!

'கார்வ் அவுட்' வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். தாய் நிறுவனம் தன் துணை நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியை வெளியாருக்கு விற்பதைத்தான் நிதிப் பாடத்தில் அப்படிச் சொல்கிறார்கள். அதில் பழி எதுவும் இல்லை.

ஆக, எப்போது 'கார்வ் அப்'? அண்ணன் தம்பி தங்கை மூவரும் உட்கார்ந்து பேசிச் சொத்தைப் பிரித்தால் 'டிவைட்'. தங்கைக்குத் தெரியாமல் அண்ணனும் தம்பியும் எழுதிக்கொண்டால் 'கார்வ் அப்'.

தமிழிலும் இதற்கு அழகான சொல் இருக்கிறது: 'கூறு போடுவது'. அநியாயமான பங்கீட்டைப் பற்றி எழுதும்போது 'பிரித்துக்கொண்டார்கள்' என்று மெல்ல நழுவாமல், 'கூறு போட்டார்கள்' என்றே எழுதலாமே!