இலாபம் எங்கிருந்து வருகிறது?

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். அதன் சேலைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. அவ்வூர் நெசவாளர் ஒருவரிடம், ‘ஒரு சேலையில் உமக்கு என்ன மிஞ்சும்?’ என்று கேட்டுப் பாருங்கள். கச்சாப்பட்டின் விலை, ஜரிகையின் விலை, சாயக் கூலி, பாவுக்கு ஆன செலவு, தறியில் கழிந்த நாட்கள், சேலை விற்ற விலை ஆகிய அனைத்தையும் கூட்டிக் கழித்து, மிச்சத்தை ரூபாய்க் கணக்கில் சொல்லிவிடுவார். இலாபம் வானத்திலிருந்து விழுவதன்று, உழைப்பிலிருந்தும் பொருளிலிருந்தும் பிறப்பது என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இத்தகைய கணக்கறிந்த ஊரிலும் ஆருத்ரா கோல்டு என்னும் நிறுவனம் கிளை விரித்தது. நூறு ரூபாய் போட்டவருக்கு மாதந்தோறும் இருபத்தைந்து ரூபாய்க்கும் மேல் தருவதாக அது ஆசை காட்டியது. 2022ஆம் ஆண்டில் தமிழகக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு அந்நிறுவனத்தின்மீது வழக்குப் பதிவு செய்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. சேலைக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த நாம், சேமிப்புக்குக் கணக்குக் கேட்கத் தவறுவது ஏன்? இந்த இலாபம் எங்கிருந்து வருகிறது என்னும் ஒரு கேள்வி நம் இல்லங்களில் ஏன் எழவில்லை?

ஒழுங்காக நடைபெறும் ஒரு வங்கிக்கு எவ்வளவு இலாபம் கிடைக்கும் என்பதை அறிந்தால், இக்கேள்வியின் அருமை விளங்கும். எடுத்துக்காட்டாக, ஒரு வங்கி நூறு ரூபாய் வைப்புக்கு ஆறு ரூபாய் கொடுத்து, அதே பணத்தைப் பத்து ரூபாய்க்குக் கடன் தருகிறது என்று கொள்வோம். இடையே நிற்பது நான்கு ரூபாய். ஊழியர் சம்பளம், கட்டட வாடகை முதலியவற்றுக்கு இரண்டு ரூபாய் போனால், மிஞ்சுவது இரண்டே ரூபாய். அதுவும் ஓர் ஆண்டு முழுவதற்கும்! இந்நிலையில் நூறு ரூபாய்க் கடன் ஒன்று திரும்பாமற்போனால், ஒழுங்காகத் திரும்பிய ஐம்பது கடன்களின் மிச்சம் அதற்கே சரியாகிவிடும்.

வங்கியின் ஏற்றமும் வீழ்ச்சியும் இச்சிறு கணக்கில் அடங்கியுள்ளன. குறைந்த செலவில் வைப்பு கிடைக்க வேண்டும். நிர்வாகச் செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். இழப்பைத் தாங்கும் மூலதனம் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்த கடன் திரும்பி வரவேண்டும். வட்டி விகிதத்தை உயர்த்தி இலாபம் காண முயலும் வங்கி, திருப்பித் தர இயலாதவரையே தன் வாசலுக்கு அழைத்துக்கொள்கிறது. நாணயமான வணிகர் அங்கே வரமாட்டார் அன்றோ?

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1926இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, சுற்றுவட்டாரத்து வணிகரையும் சிறுதொழில் செய்வோரையும் நம்பி வளர்ந்தது. பிற்காலத்தில் அது பெருநிறுவனங்களுக்குப் பெருங்கடன் வழங்கும் வழியில் இறங்கிற்று. 2020 மார்ச் மாதத்தில் அது கொடுத்திருந்த கடனில் நூற்றுக்கு 25 ரூபாய் வாராக்கடனாகி நின்றது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நட்டம். அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள், வைப்பாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாதபடி தடை விதிக்கப்பட்டது. பத்தே நாளில், அதாவது நவம்பர் 27ஆம் நாள், அவ்வங்கி சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியுடன் இணைக்கப்பட்டது. வைப்பாளரின் பணம் தப்பியது; பங்குதாரருக்கோ ஒரு காசும் கிடைக்கவில்லை. 1904இல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி, பெரும்பாலும் சிறுவணிகருக்கும் சிறுதொழிலுக்குமே கடன் கொடுத்து, அதே காலத்தில் இலாபத்தில் நடந்துகொண்டிருந்தது. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதே வங்கியின் விதியை எழுதுகிறது.

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு நிலையைக் காண்போம். திருமறை வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்கிற்று. ஆதலால் வங்கியின் வட்டிக்கு அஞ்சி, சேமிப்பை வேறிடம் கொண்டு செல்வோர் நம்மில் பலர். அந்த அச்சம் ஈமானுக்கு அழகே. ஆனால் அந்த அச்சத்தையே மூலதனமாக்கிக்கொண்டு வருவோரும் உளர். 2006இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஐ.எம்.ஏ. நிறுவனம், ‘வட்டியன்று, ஹலாலான இலாபப் பங்கு’ என்று சொல்லியே முஸ்லிம் குடும்பங்களின் பணத்தைத் திரட்டியது. 2019 ஜூனில் அதன் தலைவர் வெளிநாடு சென்றுவிட்டார். அடுத்த மாதம் டெல்லியில் கைது செய்யப்பட்டார். பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கி நின்றன. மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுப் பயணத்துக்கும் சேர்த்து வைத்த பணம் போனவர் கண்ணீரை என்னென்பது!

வட்டியில்லை என்னும் பெயர் மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது. துருக்கியில் வட்டியின்றி இயங்கிய இஹ்லாஸ் ஃபினான்ஸ், மக்கள் பணத்தின் பெரும்பகுதியைத் தன் சொந்தக் குழும நிறுவனங்களுக்கே கொடுத்தது. 2001 பிப்ரவரியில் அதன் உரிமம் பறிக்கப்பட்டது. நெறி தூயதாயினும் கணக்கு தூயதாக இல்லையேல் வீழ்ச்சி நிச்சயம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர் சுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. மக்கள் தம் பொருளை அவர்களிடம் அமானிதமாக வைக்க வருவர். அமானிதமாக அன்று, கடனாகவே பெற்றுக்கொள்வதாக அவர்கள் கூறிவிடுவார்கள். அமானிதப் பொருள் தம் குற்றமின்றித் தொலைந்தால் காத்தவர்மீது பொறுப்பில்லை. கடனாயின் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்பதே காரணம். அவர்கள் மறைந்தபோது கடன் 22 இலட்சம் திர்ஹம். அவர்கள் விட்டுச் சென்ற நிலத்தையும் வீடுகளையும் கொண்டு, மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அதனைத் தீர்த்தார்கள். அதன் பின்னரும் நான்கு ஆண்டுகள், ஹஜ்ஜுக் காலந்தோறும், கடன் வரவேண்டியவர் வருக என அறிவித்து, அதன் பிறகே சொத்தைப் பங்கிட்டார்கள். வாக்கின் பின்னே பொறுப்பும், பொறுப்பின் பின்னே கண்ணுக்குத் தெரியும் பொருளும் நின்றன. பிறர் பணத்தை வாங்குவோர்க்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் ஏது?

ஆகவே பணம் கொடுக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கியின் உரிமம் உண்டா? வைப்புக்குக் காப்பீடு உண்டா? 1962 முதல் நடைமுறையிலுள்ள இக்காப்பீடு, 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வங்கி வைப்புக்குப் பொருந்தும். ஊர்தோறும் முளைக்கும் நிதி திரட்டும் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறார்களா? யாருக்கு, எத்தொழிலுக்குப் பணம் கொடுக்கிறார்கள்? இவற்றுக்கு விடை சொல்லாதவர் தொழுகையாளியாயினும், தாடி வைத்தவராயினும், உறவினராயினும் விலகி நிற்பதே அறிவுடைமை. கடனை எழுதி, சாட்சியும் வைத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்ட வேதம் நம்முடையது. கணக்குக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. அது மார்க்கக் கடமை.

வட்டியை விரும்பாதவர்க்கு வட்டி தராத நடப்புக் கணக்கு இன்றும் உண்டு. வட்டியில்லா வங்கி முறைக்கு வழி காணலாம் என ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் பரிந்துரைத்தது. எனினும் அதனை மேற்கொண்டு தொடர்வதில்லை என 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. வாசல் ஒன்று அடைபட்டது என்பதற்காகப் பள்ளத்தில் குதிக்கலாகாது. நம்மிடையே உள்ள வசதி படைத்தோர், கணக்கு வெளிப்படையான பங்குத் தொழில்களில் உழைப்பாளிக்குத் துணை நிற்கலாம். வரவு மட்டுமன்றி நட்டமும் பகிரப்படும் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளப்பட்டால் அதுவே உண்மையான பங்கு. மாதந்தோறும் மாறாத தொகை தருவதாகச் சொன்னால், பெயர் எதுவாயினும் அது பங்கன்று.

ஓர் இழையும் கணக்குத் தவறாமல் நெய்யும் ஆரணி நெசவாளரைப் போல, நம் சேமிப்பின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்போம். ஹலாலான வழியில் ஈட்டியதை ஹலாலான வழியில் காத்துக்கொள்ளும் அறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்குவானாக!