கடைக் கணக்கு சரி, உடல் கணக்கு?



ஆண்டு முடிந்தால் இருப்பு எடுக்கிறோம். பேரேட்டைப் புரட்டி, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று பைசா விடாமல் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கடையை நடத்தும் உடம்புக்கு நம்மில் எத்தனை பேர் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறோம்? இந்தக் கேள்வியை நமது சங்கத்தின் முன்பும், என் முன்பும் வைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைவீதியில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மண்டி நடத்தி வந்த நண்பர் ஒருவர். வயது 58. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் கல்லாவை விட்டு எழுந்திருப்பார். பி.பி. உண்டு, அதற்கான மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுவார். மூட்டு வலிக்குப் போடும் மாத்திரையை மட்டும் மறக்க மாட்டார். ஒருநாள் கால் வீங்கியது. நின்றுகொண்டே இருப்பதால் வந்த வீக்கம் என்று விட்டுவிட்டார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பகுதி செயலிழந்துவிட்டன என்றார்கள். இன்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கடையை மகன் பார்க்கிறார்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. எங்கள் சங்கத்தின் இலவச மருத்துவ முகாமுக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தவர் அவர். எடை பார்த்தோம், பி.பி. பார்த்தோம், சுகர் பார்த்தோம், இ.சி.ஜி. எடுத்தோம். சிறுநீரை மட்டும் பார்க்கவில்லை. முகாம் ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன்.

கரண்டியும் மெழுகுவத்தியும்

சிறுநீரில் நோயைக் காண்பது புதிய சங்கதி அல்ல. லண்டனில் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெள்ளைக் கரு போல அது திரண்டது. ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் கலந்திருப்பதே காரணம். அப்படிப்பட்டவர்கள் இறந்த பிறகு பார்த்தால் சிறுநீரகங்கள் கெட்டுப்போயிருந்தன. 1827-இல் இதை நூலாக வெளியிட்டார். 1836-இல் அவரே இன்னொன்றையும் எழுதினார்: சிறுநீரகம் கெட்டவர்கள் பலருக்கு இதயமும் பருத்திருந்தது. சிறுநீரகமும் இதயமும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, அதில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சல்லடை நன்றாக இருந்தால் ஆல்புமின் கீழே விழாது. கண் பெரிதானால் விழும். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் செய்வது இதைத்தான். அதே அழுத்தமும் அதே சர்க்கரையும் இதயத்தின் இரத்தக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுவது சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, உடம்பிலுள்ள குழாய்களுக்கெல்லாம் ஓர் எச்சரிக்கை.

இது வெறும் ஊகம் அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்சன் என்ற மருத்துவர், மிகச் சிறிய அளவில் ஆல்புமின் ஒழுகும் நீரிழிவுக்காரர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறக்கிறார்கள் என்று 1984-இல் காட்டினார். பல நாடுகளின் 21 ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2010-இல் 'லான்செட்' இதழில் ஒரு கணக்கு வெளியாயிற்று. முறையாக ஆல்புமின் அளக்கப்பட்டவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். சிறுநீரகத்தின் வடிதிறன் குறைவதும், ஆல்புமின் ஒழுகுவதும் தனித்தனியாகவே ஆயுளைக் குறைக்கின்றன என்பதே அதன் முடிவு.

முன் அடுக்கு நிறைந்த கடை

இரண்டாவது பரிசோதனை இரத்தத்தில் கிரியாட்டினின். இது தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் ஒழுங்காக வெளியேற்றினால் இரத்தத்தில் சேராது. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. முன் அடுக்கில் டப்பாக்கள் நிறைந்திருக்கும். பின்னால் கிடங்கு காலியாகிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதுபோல, சிறுநீரகத்தின் திறன் பாதி போகும் வரையில் கூட கிரியாட்டினின் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடும்.

அதனால்தான் இப்போது வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து வடிதிறனைக் கணக்கிடுகிறார்கள். 2021-இல் வந்த வாய்பாட்டின்படி ஓர் உதாரணம்: கிரியாட்டினின் 1.3 என்று இருவருக்குச் சீட்டு வருகிறது. ஒருவர் 30 வயது ஆண். அவருடைய வடிதிறன் சுமார் 76. மற்றவர் 60 வயதுப் பெண்மணி. அவருக்குச் சுமார் 47. எண் ஒன்றுதான், நிலைமை ஒன்றல்ல. 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஆல்புமினைப் பொறுத்தவரை, சிறுநீரிலுள்ள ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் ஆபத்து. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடலுழைப்பு இவற்றாலும் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடலாம். ஆகவே ஒரே சீட்டைப் பார்த்து அஞ்ச வேண்டாம். மீண்டும் ஒருமுறை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பில்லைப் பார்த்து ஆண்டு வியாபாரத்தைச் சொல்ல முடியுமா?

எழுபது பரிசோதனை எதற்கு?

நண்பர்கள் சிலர், "நான்தான் ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்து கொள்கிறேனே, எழுபது டெஸ்ட்" என்கிறார்கள். விலைப்பட்டியல் நமக்குப் புதிதா? ஒரே சரக்கை ஐந்து பொட்டலமாகக் கட்டினால் ஐந்து சரக்காகிவிடாது. ஓர் எண்ணை இன்னோர் எண்ணால் வகுத்து வருவதையும் தனி டெஸ்ட்டாகச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த எழுபதில் சிறுநீர் ஆல்புமின் அளவு இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பல பட்டியல்களில் இருக்காது.

நோயைக் காட்டும் குறி வேறு, நோய்க்குக் காரணம் வேறு என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் இரத்தத்தில் கூடியவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று கண்டார்கள். வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தும் பார்த்தார்கள். எண் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை என்று 2006-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் சொல்லின. நல்ல கொழுப்பை உயர்த்தும் டார்செட்ராபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். நல்ல கொழுப்பு 70 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். சிட்டையில் எண்ணைத் திருத்தினால் கடன் தீராது. "கிரியாட்டினினை இறக்கிக் காட்டுகிறேன்" என்று பொடியும் லேகியமும் விற்பவர்களிடம் மயங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. முன்பு அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று இல்லை. கேப்டோபிரில் என்னும் பி.பி. மருந்து நீரிழிவால் வரும் சிறுநீரகக் கேட்டை மெதுவாக்குகிறது என்று 1993-இல் நிரூபித்தார்கள். 2001-இல் லோசார்டன் வந்து சேர்ந்தது. சர்க்கரைக்கென வந்த டபாக்ளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2020-இல் தெரிந்தது. அதே ஆண்டில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் இறங்கியது. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இவையெல்லாம் முன்கூட்டியே கண்டவர்களுக்குத்தான் முழுப் பலன் தரும்.

செலவு அதிகம் என்ற வாதமும் நிற்காது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அவர்கள், சென்னைக்கு அருகே சுமார் 25,000 மக்கள் வாழும் கிராமங்களில், வீடு வீடாகச் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, மலிவான மருந்துகளைக் கொண்டே கட்டுப்படுத்திக் காட்டினார். 2003-இல் அந்த அனுபவத்தை உலக மருத்துவ இதழில் வெளியிட்டார். கிராமத்தில் முடிந்தது கடைவீதியில் முடியாதா?

நம் கடையில் நாம் செய்வது

மற்றவரைச் சொல்லும் முன் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் சில்லறைக் கடைகள் சிலவற்றில் பீடிக்கட்டுக்குப் பக்கத்திலேயே வலி மாத்திரை அட்டை தொங்குகிறது. மூட்டை தூக்கும் தொழிலாளி மாலையில் டீயோடு ஒன்று கேட்டால் கிழித்துக் கொடுக்கிறோம். டைக்ளோஃபினாக் போன்றவை மருத்துவர் சீட்டின்றி மருந்துக் கடையே விற்கக் கூடாதவை. தினந்தோறும் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்துக்கும் நல்லதல்ல. அந்த இரண்டு ரூபாய் இலாபம் நமக்கு வேண்டாம்.

அதுபோல, 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட் வருகிறது. பி.பி. உள்ள பலருக்கு அது நல்லதுதான். ஆனால் சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பொட்டாசியம். சிறுநீரகம் பழுதுபட்டவர் உடம்பில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். "வீட்டில் கிட்னி தொந்தரவு யாருக்காவது உண்டா? டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்வது வியாபாரத்தைக் கெடுக்காது, நம் மீதுள்ள நம்பிக்கையை வளர்க்கும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வரும் செயற்குழுவில் நான் வைக்க இருக்கும் கோரிக்கைகள் இவை:

முதலாவதாக, நமது முகாமில் சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும், இரத்தக் கிரியாட்டினினோடு வடிதிறன் கணக்கும் கட்டாயம் சேர வேண்டும். குறிப்பாக நாற்பது வயது கடந்தவர்கள், சர்க்கரை, பி.பி. உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஒருவரும் விடுபடக் கூடாது. மார்ச் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக தினம், அன்றே நடத்தலாம்.

இரண்டாவதாக, முகாம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள், கடை ஊழியர்கள், சுமை தூக்கும் தோழர்கள் அனைவருக்கும் இடம் வேண்டும்.

மூன்றாவதாக, ரிப்போர்ட் கொடுத்ததோடு வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது. வாங்காத ரிப்போர்ட்டுகள் சென்ற ஆண்டு சங்க அலுவலக மேசையில் கட்டாகக் கிடந்ததை நான் பார்த்தேன். குறை கண்டவர்களை மூன்று மாதத்தில் மறுபடி அழைத்துப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வராத பாக்கிக்கு ஆள் அனுப்புகிறோம் அல்லவா, அதே அக்கறை இதிலும் வேண்டும்.

முகாமில் பூச்செண்டுக்கும் மேடைக்கும் பேனருக்கும் ஆகும் செலவைக் குறைத்தால், இதற்குத் தனி வசூல் தேவைப்படாது என்பது என் கணிப்பு.

சென்ற வாரம் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். கையில் டயாலிசிஸுக்கான ஊசித் தழும்புகள். "சரக்கு குறைந்தால் எனக்கு வாசனையிலேயே தெரியும், இது தெரியவில்லையே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. முகாமுக்கு மூன்று முறை அழைத்தவன் நான்தான்.

அடுத்த முகாமில் முதல் ஆளாக என் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பேன். நீங்களும் வாருங்கள்.