இரண்டாவது ஆள்



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வியில் வந்து நின்றுவிடும்: “நமக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?” பெருங்களத்தூரிலிருந்து எழுதும் வாசகி ஒருவருக்கு அந்தக் கேள்விக்கே நேரமில்லையாம். அவருக்கு முடக்குவாதம், ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்களே, அதுதான். மகனுக்கு ஆட்டிசம், மூன்றாம் வகுப்பு. “எனக்கப்புறம் என்பதெல்லாம் இருக்கட்டும். வருகிற செவ்வாய்க்கிழமை நான் ஊசி போட்டுக்கொள்ளப் போக வேண்டும். அன்று மூன்று மணிக்கு வேன் வந்து நிற்கும்போது இவனை இறக்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்?” என்று கேட்கிறார்.

இந்த மாதப் பக்கத்தை அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே ஒதுக்கிவிட்டேன்.

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. விடிகாலையில்தான் அதன் ஆட்டம். எழுந்து ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே, விரல்கள் இறுகிக் கிடக்கும். பிள்ளையைக் குளிப்பாட்டி, பொத்தான் போட்டு, டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி மூடி, வாசலுக்குக் கூட்டிவர வேண்டியதும் அதே ஒரு மணி நேரத்தில்தான். அந்தப் பிள்ளைக்கோ வரிசை மாறக்கூடாது. முதலில் சட்டை, அப்புறம் சாக்ஸ், அப்புறம்தான் பால். நீல டம்ளர் என்றால் நீல டம்ளர். லியோ கேனர் 1943இல் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும் என்கிற இந்தப் பிடிவாதத்தை முக்கிய அடையாளமாகச் சொன்னார். அம்மாவின் உடம்போ நேற்று இருந்ததுபோல் இன்று இருப்பதில்லை. நேற்று மாடிப்படி ஏறியவரால் இன்று குக்கர் மூடியைத் திருக முடியாது. மாறாமல் இரு என்று கேட்கிற பிள்ளையும், தினம் மாறுகிற உடம்பும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன.

இதற்கு அந்த வாசகி கண்டுபிடித்திருக்கும் வழி எனக்கு எந்த நிபுணர் சொன்னதைவிடவும் பிடித்திருக்கிறது. சிறப்புப் பள்ளிகளில் பட அட்டவணை வைப்பார்கள். பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது என்று வரிசையாகப் படங்கள். இவர் ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு அட்டவணை ஒட்டியிருக்கிறார். ஒன்று சாதாரண நாளுக்கு. இன்னொன்று வலி நாளுக்கு. வலி நாளில் குளியலுக்குப் பதில் ஈரத்துண்டு, இட்லிக்குப் பதில் பிரெட், கடைசியில் அம்மா படுத்திருக்கிற படம். காலையில் எந்த அட்டவணையோ அதைப் பையனிடம் காட்டிவிடுவாராம். “அவனுக்குப் பிரச்சினை என் வலியில்லை. சொல்லாமல் மாறுவதுதான் பிரச்சினை” என்கிறார். பொத்தான் சட்டைகளையெல்லாம் தங்கையிடம் கொடுத்துவிட்டு, எலாஸ்டிக் வைத்ததும் வெல்க்ரோ ஒட்டியதுமாக மாற்றிக்கொண்டாராம். மீதியையும் கேளுங்கள்: பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டுவிட்டு, “பையன் பொத்தான் போடப் பழக வேண்டாமா?” என்றார்களாம். பழகட்டும். சாயங்காலம் பழகட்டும்.

பெருங்களத்தூரை அடுத்த தாம்பரத்துக்கு நாட்பட்ட நோய் புதிதில்லை. ஒரு ரயில் நிலையத்துக்கே சானட்டோரியம் என்று பெயர். டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய மருத்துவமனையை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் காசத்துக்கு மாத்திரை கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு, அவ்வளவுதான் வைத்தியம். வீட்டு வேலை, பிள்ளை குட்டி எல்லாவற்றிலிருந்தும் நோயாளியை விலக்கி வைத்தார்கள். இன்றைக்கு நெடுநாள் நோயாளி வீட்டிலேயே இருக்கிறார், மாத்திரை போட்டுக்கொண்டு சமைக்கிறார். சீட்டின் அடியில் மட்டும் அதே பழைய மருந்தை எழுதித் தருகிறார்கள்: நல்லா ரெஸ்ட் எடுங்க.

எந்நேரத்தில் என்றுதான் சொல்வதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது. அரசு மருத்துவர்களின் சான்று பெற்று அடையாள அட்டை வாங்கலாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவும் அதில் அடங்கும். மாநகரச் சாதாரணப் பேருந்தில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை. பழைய மாமல்லபுரம் சாலையைத் தாண்டி முட்டுக்காட்டில் 2005இலிருந்து பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெற்றோர் பக்கத்தில் பார்த்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது, இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. ஆக, பிள்ளைக்கு ஒரு கோப்பு, அம்மாவுக்கு ஒரு கோப்பு. இரண்டு கோப்பும் ஒரே வீட்டு முகவரியில் இருப்பதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. முட்டுக்காட்டுக்குத் தெரபிக்கு வாருங்கள் என்றால், தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் சுற்றிப் பேருந்து மாறிப் பிள்ளையைக் கூட்டிப்போவது அந்த வீங்கிய மூட்டுகள்தானே? அந்த 21 வகையில் பார்க்கின்சனும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸும் உண்டு, முடக்குவாதம் இல்லை. மூட்டு உருக்குலைந்து நடக்க முடியாமல் போனால் கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் நுழையலாம். அதுவரை அவர் அரசுக் கணக்கில் நல்ல உடம்புக்காரர்.

சொந்தக்காரர்களின் கணக்கு வேறு மாதிரி. “நீ அந்த மாத்திரையெல்லாம் முழுங்கினதாலதான் புள்ள இப்படிப் பொறந்துச்சு” என்று நாத்தனார் சொன்னதாக ஒரு கடிதம். “நீ படுத்துக்கிட்டே இருக்கே, டிவியைப் போட்டு விட்டுட்டே” என்று இன்னொன்று. அம்மாவைக் குற்றம் சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. பாசமில்லாத, சில்லிட்டுப்போன தாய்மார்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் பெரிய படிப்பாளிகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் அதைப் பரப்பிப் புத்தகமே எழுதினார். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்கிற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா, அது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று 1964இலேயே எழுதியிருந்தார். வளர்ப்பினால் ஆட்டிசம் வருவதில்லை. அதில் மரபணுக்களின் பங்கு பெரிது. நாத்தனார்களுக்கு இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்பலாம். தமிழில் படிக்க வேண்டுமென்றால், சென்னையிலேயே ஒரு வீட்டிலிருந்து இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன: யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’, அவர் மனைவி லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் ‘எழுதாப் பயணம்’. மகனை வளர்த்தபடியே எழுதியவர்கள்.

சரி, செவ்வாய்க்கிழமை?

சிட்லபாக்கத்து வாசகர் ஒருவரின் கடிதத்தில் பதில் இருக்கிறது. அவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். முடிந்து வந்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடப்பாராம். மனைவி வேலைக்குப் போகிறார்; அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மகளுக்கு ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. ஆனால் ஸ்டேஷன் பெயர்கள் மட்டும் வரும்: தாம்பரம், சானட்டோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம். கடற்கரை வரைக்கும் ஒன்று விடாமல். (1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிற தடம், எத்தனை பிள்ளைகளுக்கு அது தாலாட்டோ!) ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புப் பணி என்று ரயிலை ரத்து செய்தால் வீட்டில் அன்று கலவரம்.

கீழ்வீட்டில் ரயில்வே டிக்கெட் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கு உடம்பு ஓரளவு நன்றாக இருந்த காலத்திலேயே, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் மேலே வந்து உட்காருவாராம். கொஞ்சவில்லை, கன்னத்தைக் கிள்ளவில்லை, “பாட்டி பேர் சொல்லு” என்று பரீட்சை வைக்கவில்லை. பழைய ரயில்வே கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். சில வாரம் கழித்துப் பிள்ளையே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு மூன்று பேருமாகக் குரோம்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சு. அப்புறம் அப்பா தள்ளி இன்னொரு பெஞ்சில். அப்புறம் அப்பா வீட்டில். இன்று டயாலிசிஸ் நாட்களில் பாட்டி வீட்டில்தான் மகள். அங்கே அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு பாய். மிக்ஸி போடுவதற்கு முன் பாட்டி கையை உயர்த்திக் காட்டுவார்; அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் அவசரத்துக்கு ஓர் ஆளைப் புதிதாகக் கொண்டுவந்து விட முடியாது. ஊரிலிருந்து பெரியம்மாவே ஓடிவந்தாலும் அவர் குரல் புதிது, சோறு பிசைகிற கை புதிது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிற நாளில் தேடினால் கிடைப்பவர் அன்புள்ளவராக இருக்கலாம், பழகினவராக இருக்க மாட்டார். ஆளைத் தேட வேண்டியது உடம்பு தேறியிருக்கிற நாளில். பெற்றோர்கள் இங்கே தயங்குகிறார்கள். “அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்கிறார்கள். யாரை விடுகிறோம் என்று நன்றாகப் பார்த்துத்தான் விட வேண்டும், முதலில் கூடவே இருக்க வேண்டும். அதையெல்லாம் செய்ய மாதங்கள் ஆகும் என்பதால்தான் இப்போதே கேளுங்கள் என்கிறேன்.

ஒரு நோட்டும் போட்டு வையுங்கள். எதற்கு அழுவான், எதைத் தின்பான், எந்தச் சத்தம் ஆகாது, அவன் மாத்திரை எது, உங்கள் மாத்திரை எது, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய ஊசி எது. 2015இலும் 2023இலும் முடிச்சூர், வரதராஜபுரம் தண்ணீரில் நின்றபோது, கரண்ட் போன வீட்டிலிருந்து படகேறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பதினெட்டு வயது நெருங்கும் பிள்ளை உள்ளவர்களுக்கு ஒரு தகவல். பதினெட்டு முடிந்தால் பெற்றோரும் சட்டப்படி பாதுகாவலராகத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். முடிவு செய்வது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு. 2019இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து தாம்பரம், பல்லாவரம்காரர்களுக்கு அது செங்கல்பட்டு.

பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். அவர்கள் சொல்ல மாட்டார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். சொன்ன மணிக்குப் போய் உட்காருங்கள். ஏற்கெனவே அப்படி ஒரு வீட்டில் இரண்டாவது ஆளாக இருப்பவர்கள், எப்படிப் பழகினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பெருங்களத்தூர் வாசகி கேட்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்