ஸ்தோத்திரமும் சொல்லலாம், மனுவும் போடலாம்

கொள்ளிடம் பெருகி நெல் அழுகும்போதெல்லாம் எங்கள் குமராட்சிப் பக்கம் ஜெபக்கூட்டங்களில் ஒரே அறிவுரைதான்: முறுமுறுக்காதே, ஸ்தோத்திரம் சொல். எனக்கு இதில் பாதிதான் சம்மதம் நண்பர்களே!

ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு, ஒரு ஏழை விதவையின் வழக்கில் தலையிட்டார். 1708 கடைசியில் டேனிஷ் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் அவரைச் சிறையில் போட்டார். நாலு மாதம். உள்ளேயும் எழுதினார். வெளியே வந்து புதிய ஏற்பாட்டை 1711-ல் தமிழில் முடித்தார். இதைப் பிரசங்கத்தில் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, அதே மனிதர் தளபதிமேல் டென்மார்க்குக்குப் புகார் அனுப்பியதை. விசுவாசம் குறைந்துபோயா அனுப்பினார்? கேட்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே புகாரே எழுதுவான்!

13-ம் சங்கீதத்தைப் பாருங்கள். ஆறே வசனம். புலம்பலில் ஆரம்பித்துப் பாட்டில் முடிகிறது. புலம்பலை யாரும் வெட்டி எறியவில்லை. (காமர்ஸ் படிக்கிறவன் பாஷையில், வரவை மட்டும் எழுதி நஷ்டத்தை மறைத்தால் அது கள்ளக்கணக்கு.)

2018 ஆகஸ்ட் மாதிரி இன்னொரு வெள்ளம் வந்தால், பயிர் போனவர் காலையில் ஸ்தோத்திரம் சொல்லட்டும். பத்து மணிக்கு நிவாரண மனுவோடு வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கட்டும். கூடவே சபையிலிருந்து நாலு பேர் போனால் இன்னும் நல்லது.