அணைத்துப் பார்த்தால்தான் தெரியும்



போன மாதம் ஒரு நள்ளிரவில், சண்டை போடுவதற்காகவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனேன். எங்கள் தெருமுனைக் காலி மனையில் ஒரு செல்போன் டவர் நிற்கிறது. மணி ஒன்றரை. தெருவில் கரன்ட் இருக்கிறது, வீட்டில் ஃபேன் சுற்றுகிறது. ஆனால் டவரின் ஜெனரேட்டர் மட்டும் உறுமுகிறது, நிற்கிறது, மறுபடியும் உறுமுகிறது. தூக்கம் கெட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

வேலிக்குள்ளே ஓர் இளைஞர் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் லேப்டாப். அதிலிருந்து ஒரு கேபிள் ஆளுயர இரும்பு கேபினெட்டுக்குள் போகிறது. பக்கத்தில் பாதி குடித்த டீ, அதில் ஒரு கொசு.

"என்ன தம்பி, கரன்ட்தான் இருக்கே?" என்றேன்.

"நான்தான் சார் ஆஃப் பண்ணேன். புது சாஃப்ட்வேர் ஏத்தியிருக்கோம். நிஜமா கரன்ட் போனா அது என்ன பண்ணுதுன்னு பாக்கணும்ல?"

சண்டை அதோடு முடிந்தது. மூன்று மணி வரைக்கும் அங்கேயே நின்று கதை கேட்டேன். இந்த மாதப் பக்கம் அந்தத் தம்பி எழுதிக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

டவர் என்றதும் நம் கண்ணில் படுவது மேலே நிற்கிற இரும்பு. அதன் உயிர் கீழே அந்த கேபினெட்டில் இருக்கிறது. ஈபி கரன்ட் உள்ளே வந்ததும் ரெக்டிஃபையர்கள் அதை 48 வோல்ட் டிசியாக மாற்றுகின்றன. கூடவே பேட்டரி வரிசை: 2 வோல்ட் செல்கள் 24. (இப்போது அந்த இடத்துக்கு லித்தியம் வந்துகொண்டிருக்கிறது.) ஈபி போனால் பேட்டரி தாங்கும். பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர் கிளம்பும். சில இடங்களில் சோலாரும் உண்டு. எது எப்போது வர வேண்டும், எது ஒதுங்க வேண்டும் என்று யார் சொல்வது? ஒரு காலத்தில் வாட்ச்மேன் அண்ணன் எழுந்து போய் ஜெனரேட்டரைக் கிளப்புவார். இன்றைக்கு அந்த வேலை ஒரு சாஃப்ட்வேரிடம்.

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. கரன்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது நம் வீட்டில் அம்மா என்ன சொல்வார்? "மிக்ஸியைப் போடாதே, ஒரு ஃபேன் போதும், எல்லாரும் ஹாலுக்கு வாங்க." அந்த அம்மாதான் இந்த சாஃப்ட்வேர். பேட்டரி குறையக் குறைய, அதிகம் தின்கிற கருவிகளை முதலில் நிறுத்தும். வேகம் குறையும், ஆனால் பேசுகிற வசதி இருக்கும். பக்கத்து டவர்களுக்குச் சிக்னலைக் கடத்துகிற கருவியைக் கடைசிவரை விடாது. அது போனால் இந்த டவரோடு சேர்ந்து இன்னும் நாலு டவர் ஊமையாகிவிடும்.

சாதாரண நாட்களிலும் அதற்கு வேலை உண்டு. இரவில் ஊர் தூங்கும் நேரத்தில் சில அலைவரிசைகளைத் தூங்க வைக்கும். மின்கட்டணம் குறையும், டீசல் மிச்சமாகும். நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். ஆனால் எந்த ஊர் எப்போது தூங்குகிறது? காசிமேட்டில் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு மீன் ஏலம் சூடுபிடித்திருக்கும். கோயம்பேட்டில் காய்கறி லாரி வந்து நிற்கும் நேரமும் அதுதான். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து, "இரவு ஒன்று முதல் ஐந்து வரை தூக்கம்" என்று எல்லா டவருக்கும் ஒரே கட்டளை போட்டால், மீன் வாங்க வந்தவர் ஜிபேயில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சாஃப்ட்வேரைப் போடுவது சுலபம், அது அந்த ஊருக்குச் சரிப்படுகிறதா என்று பார்ப்பதுதான் நிஜ வேலை என்றார் தம்பி.

எப்படிப் பார்ப்பார்கள்? முதலில் லேபில் ஓட்டுவார்கள். பிறகு ஒரு சில டவர்களில் மட்டும் போட்டு, முந்தைய வாரங்களின் கணக்கோடு ஒப்பிடுவார்கள். மின்சாரம் எவ்வளவு மிச்சம், கால் எத்தனை அறுந்தது, புகார் கூடியதா? எல்லாம் சரி என்றால்தான் மற்ற டவர்களுக்கு. பழைய செட்டிங்ஸை எடுத்து வைக்காமல் கை வைக்கவே கூடாதாம். ஒரே ஒரு எண்ணைத் தப்பாக அடித்து, அது ஒரே ராத்திரியில் ஆயிரம் டவருக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

"இதையெல்லாம் கன்ட்ரோல் ரூம்ல உக்காந்தே செய்ய முடியாதா?" என்று கேட்டேன். சிரித்தார். "சாஃப்ட்வேர் தப்பா டவரையே ஆஃப் பண்ணிடுச்சுன்னா, அதைத் திரும்ப ஆன் பண்ணச் சொல்ற மெசேஜ் எந்த வழியா சார் வரும்? அந்த வழியும் இந்த டவர்தானே?" சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கதை. அதனால்தான் கரன்டை வெட்டிப் பார்க்கிற நாளில் மட்டும் ஓர் ஆள் கொசுக்கடியில் உட்கார்ந்தாக வேண்டியிருக்கிறது.

என் கண் முன்னால் இன்னொரு முறை ஸ்விட்சை இறக்கினார். என் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நாலு கோடும் அசையவில்லை. லேப்டாப்பில் வோல்டேஜ் 54-லிருந்து சட்டென்று 50-க்கு இறங்கியது. அது வழக்கம்தானாம், பிறகு மெதுவாகத்தான் இறங்க வேண்டும். ஆனால் அது மெதுவாக இறங்கவில்லை. 49, 48 என்று படியிறங்கி, கால் மணி நேரத்தில் 47-க்கு வந்துவிட்டது. 44 பக்கம் போனால் பேட்டரியைக் காப்பாற்ற சாஃப்ட்வேரே எல்லாவற்றையும் துண்டித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், திரையின் மூலையில் "இன்னும் 5 மணி நேரம் தாங்கும்" என்று பச்சை எழுத்து தைரியமாக மின்னிக்கொண்டிருந்தது.

ஏன்? செட்டிங்ஸில் புத்தம்புது பேட்டரியின் திறனைப் பதிந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பதோ பல கோடைகளைப் பார்த்த கிழட்டுப் பேட்டரி. "சாஃப்ட்வேர் பொய் சொல்லல சார். நாம சொன்னதைத் திருப்பிச் சொல்லுது." பேட்டரி மாற்றச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பினார். இதைக் கண்டுபிடிக்க வேறு வழி உண்டா? ஸ்விட்சை இறக்காமல் போயிருந்தால், மழைக்காலத்தில் ஒருநாள் நாம்தான் கண்டுபிடித்திருப்போம்.

2018 நவம்பர் 16-ஐ டெல்டா வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகள் அப்பா அம்மாவின் எண்ணுக்கு அடித்து அடித்து, ஒரே பதிவுக்குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடையில் காடு பற்றி எரிந்தபோது தொலைத்தொடர்பு ஏன் நின்றது என்று அந்த நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் பிறகு ஆராய்ந்தது. நெருப்பு நேரடியாகத் தின்றது 1 சதவிகிதம்தான். 88 சதவிகிதத் தடைகளுக்குக் காரணம் மின்சாரம் போனது. காட்டுத் தீயாக இருந்தாலும் கடலோரப் புயலாக இருந்தாலும் கடைசியில் கதை பேட்டரியில் வந்து நிற்கிறது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டீசல் எவ்வளவு மிச்சமானது என்று அளக்கும்போது நிறுவனங்களுக்கு இருக்கும் சுறுசுறுப்பு, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அளக்கும்போது இருப்பதாகத் தெரியவில்லை. மிச்சம் மாதக் கணக்கில் தெரிந்துவிடும். தாங்குவது புயலன்றைக்குத்தான் தெரியும். 2024-இல் நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிகளின்படி, இயற்கைச் சீற்றம் எதுவும் இல்லாத நாளில் ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவு, ப்ரீபெய்டுக்குக் கூடுதல் வேலிடிட்டி. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் 108 ஆம்புலன்சுக்கு அடித்துக் கிடைக்காத வீட்டுக்கு ஒருநாள் வேலிடிட்டியை வைத்து என்ன செய்ய? மழைக்கு முன்னால் ஒவ்வொரு டவரையும் ஒருமுறை நிஜமாக அணைத்துப் பார்த்தோம், இத்தனை மணி நேரம் தாங்கியது என்று மாவட்ட வாரியாக வெளியிடச் சொல்லலாமே?

நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பழைய லேண்ட்லைன் போன் கரன்ட் போனாலும் அடித்தது நினைவிருக்கிறதா? எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரி, செம்புக் கம்பி வழியாகவே 48 வோல்ட்டை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வருவது ஃபைபர். அதில் வெளிச்சம் மட்டும்தான் வரும், மின்சாரம் வராது. கரன்ட் போன நொடியில் ரவுட்டர் கண்ணை மூடிவிடும். இன்வெர்ட்டர் லைனில் ஃபேனையும் லைட்டையும் கொடுத்தவர்கள் ரவுட்டரைக் கொடுத்தோமா? நான் கொடுக்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் எழுந்துபோய்ப் பார்த்தேன். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது, அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கியது, ரவுட்டர் தாங்கியதா என்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன். நள்ளிரவில் உங்கள் தெரு டவரின் ஜெனரேட்டர் விட்டு விட்டு உறுமினால், சண்டைக்குப் போகும்போது கையில் ஒரு டீயும் கொண்டுபோங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்